விறைப்புக்குப் பின்னால் இருக்கும் வாயு: நைட்ரிக் ஆக்சைடும் சோதனை நிலையில் உள்ள சிகிச்சைகளும்

ஆண்குறியில் எலும்பு கிடையாது. கை கால் தசை மாதிரி சுருங்கி முறுக்கேறுவதால் விறைப்பு வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் உள்ளே நடப்பது அதற்கு நேர் எதிர். அங்கிருக்கும் தசை தளர்ந்தால்தான் விறைப்பு வரும், இறுகினால் போய்விடும். சாதாரணமாக நாள் முழுக்க அந்தத் தசை இறுகித்தான் இருக்கிறது, அதனால்தான் உறுப்பு சுருங்கிக் கிடக்கிறது. விறைப்புக் கோளாறு பற்றிய மருந்துகள், ஊசிகள், விளம்பரங்கள், ஆராய்ச்சிச் செய்திகள் எதைப் படித்தாலும் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். அந்தத் தசையைத் தளரச் செய்வது யார், அந்த வேலை எங்கே தடைபடுகிறது என்பதுதான் மொத்தக் கதையும்.

தளரச் சொல்லும் செய்தியைக் கொண்டு வருவது நைட்ரிக் ஆக்சைடு. ஒரு நைட்ரஜன் அணு, ஒரு ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான். பல் மருத்துவர்கள் மயக்கத்துக்குத் தரும் நைட்ரஸ் ஆக்சைடு வேறு, இது வேறு. வண்டிப் புகையில் வரும் மாசு என்றுதான் இதை வேதியியலாளர்கள் ரொம்ப நாள் அறிந்திருந்தார்கள். சில நொடிகளில் அழிந்துவிடும் ஒரு வாயுவை உடம்பே தயாரித்து, செல்லுக்குச் செல் தகவல் அனுப்பப் பயன்படுத்துகிறது என்று 1970களில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். ஹார்மோன் என்றால் ரத்தத்தில் மிதந்து போக வேண்டும், நரம்புச் செய்தி என்றால் சின்னப் பைகளில் சேமித்து வைத்து வெளியிட வேண்டும் என்பதுதான் அன்றைய புரிதல். வாயுவை எந்தப் பையில் அடைப்பது? அதனால் இதை உடம்பு சேமிப்பதே இல்லை, தேவைப்படும் அந்த நொடியில் தயாரித்துக்கொள்கிறது. தயாரானதும் செல்லின் சவ்வைத் தாண்டிப் பக்கத்துச் செல்லுக்குள் நேராக ஊடுருவிவிடும்.

இது தெரிய வந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துப் பல ஆண்டுகளாக ஆய்வு செய்துகொண்டிருந்தார். அசிடைல்கோலின் என்ற பொருளை உயிருள்ள விலங்குக்குக் கொடுத்தால் ரத்தநாளம் விரியும், ஆனால் வெட்டியெடுத்த தமனித் துண்டில் அதே பொருளைப் போட்டால் சுருங்கியது. ஏன் இந்த முரண்? காரணம், துண்டை வெட்டித் தயார்செய்யும்போது அதன் உட்பரப்பு உரசப்பட்டு, எண்டோதீலியம் என்ற ஒற்றைச் செல் தடிமனுள்ள உள்தோல் தேய்ந்துபோயிருந்தது. அந்தத் தோலைச் சேதப்படுத்தாமல் துண்டை எடுத்தபோது அசிடைல்கோலின் அதைத் தளர்த்தியது. அப்புறம் இன்னும் அழகான சோதனை ஒன்று செய்தார். உள்தோல் இல்லாத ஒரு துண்டையும் உள்தோல் இருக்கும் ஒரு துண்டையும் முகத்தோடு முகம் சேர்த்து வைத்தார். உள்தோல் இல்லாத துண்டும் தளர்ந்தது! அப்படியென்றால் உள்தோலிலிருந்து ஏதோ ஒன்று கசிந்து வந்து தசையைத் தளர்த்துகிறது. இது 1980இல் வெளியானது. அந்த ‘ஏதோ ஒன்று’ நைட்ரிக் ஆக்சைடுதான் என்று 1986இல் ஃபர்ச்காட்டும் லூயிஸ் இக்னாரோவும் தனித்தனியாகச் சொன்னார்கள், 1987இல் சால்வடோர் மொங்காடாவின் குழு அளந்தே காட்டியது. நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரோகிளிசரின் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டுத்தான் வேலை செய்கிறது என்பதை அதற்கு முன்பே, 1977இல், ஃபெரிட் முராட் கண்டிருந்தார். ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. மொங்காடாவை விட்டுவிட்டார்கள் என்று அப்போதே பலர் வருத்தப்பட்டார்கள், எனக்கும் அது நியாயமான வருத்தமாகவே படுகிறது.

ஆண்குறியிலும் இதே வாயுதான் வேலை செய்கிறது என்பது 1990–92 வாக்கில் உறுதியானது. இக்னாரோவின் குழுவும், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் பர்னெட்டின் குழுவும் அதைக் காட்டின. ‘சயன்ஸ்’ இதழ் 1992இல் நைட்ரிக் ஆக்சைடை அந்த ஆண்டின் மூலக்கூறாக அறிவித்தது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது?

ஆண்குறியின் நீளவாக்கில் இரண்டு உருளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் எண்ணற்ற குட்டிக் குட்டி அறைகள், அந்த அறைகளின் சுவர் முழுக்க மென்தசை, அதாவது நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தானாக இயங்கும் தசை. பாலுணர்வு தூண்டப்பட்டதும் கீழ் முதுகுத்தண்டிலிருந்து வரும் நரம்புகள் தங்கள் நுனியில் ஒரு நொதியை இயக்குகின்றன. நைட்ரிக் ஆக்சைடு சின்தேஸ் என்பது அதன் பெயர். அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தையும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொண்டு அது நைட்ரிக் ஆக்சைடைச் செய்து தருகிறது. வாயு பக்கத்துத் தசைச் செல்லுக்குள் நுழைந்து, அங்கே குவனைலேட் சைக்ளேஸ் என்ற நொதியில் இருக்கும் இரும்பு அணுவில் போய் ஒட்டுகிறது. ஒட்டியதும் அந்த நொதி விழித்துக்கொண்டு சைக்ளிக் ஜிஎம்பி என்ற பொருளை மளமளவென்று தயாரிக்கிறது. அது செல்லுக்குள் கால்சியம் அளவைக் குறைக்கிறது. கால்சியம் குறைந்தால் தசையால் இறுகி நிற்க முடியாது, தளர்ந்துவிடும்.

அறைகளின் சுவர் தளர்ந்ததும் தமனி ரத்தம் பாய்ந்து நிரம்புகிறது. உருளையைச் சுற்றி ஒரு கெட்டியான உறை இருக்கிறது, ரத்தத்தை வெளியே எடுத்துச் செல்லும் சின்னச் சிரைகள் அந்த உறைக்கு அடியிலேயே ஓடுகின்றன. உள்ளே நிரம்பி வீங்க வீங்க அந்தச் சிரைகள் உறையோடு அழுத்தப்பட்டு மூடிக்கொள்கின்றன. வருவது வந்துகொண்டிருக்க, போவது அடைபட்டுவிடுகிறது. விறைப்பு நிற்பது இதனால்தான். தசை அரைகுறையாகத் தளர்ந்தால் சிரைகளும் அரைகுறையாகத்தான் மூடும், ‘வருகிறது ஆனால் நிற்கவில்லை’ என்று பலர் மருத்துவரிடம் சொல்வதன் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

நரம்பு கொடுக்கும் வாயு தொடக்கத்துக்கு மட்டும்தான். ரத்தம் பாய ஆரம்பித்ததும் அந்த ஓட்டத்தின் உராய்வே ரத்தநாள உள்தோலைத் தூண்டி, அங்கிருந்து மேலும் நைட்ரிக் ஆக்சைடை வரவழைக்கிறது. ஆக ஆரம்பிப்பது நரம்பு, தாக்குப்பிடிக்க வைப்பது உள்தோல். இன்னொன்று, இந்த வாயுவைத் தயாரிக்க ஆக்சிஜன் வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? சுருங்கிக் கிடக்கும் உறுப்பில் ஆக்சிஜன் குறைவு, விறைப்பின்போதுதான் புது ரத்தத்தோடு நிறைய ஆக்சிஜன் வருகிறது. தூக்கத்தில் கனவு நிலையின்போது ஒரு இரவில் மூன்று முதல் ஐந்து முறை தானாக விறைப்பு வருவது ஆரோக்கியமான ஆண்களுக்கு இயல்பு, அது அந்தத் திசுவுக்கு ஆக்சிஜன் ஊட்டும் வேலையையும் செய்கிறது என்று கருதுகிறார்கள். காலையில் விறைப்போடு எழுந்துகொள்கிறீர்கள், ஆனால் துணையோடு இருக்கும்போது மட்டும் வரவில்லை என்றால் நரம்பும் ரத்தநாளமும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன என்று அர்த்தம். பயமும் பதற்றமும் நோரட்ரீனலின் என்ற பதற்றச் சுரப்பைக் கொட்டுகின்றன, அது தசையை இறுக்கிவிடும். ‘எல்லாம் மனசுதான்’ என்று அலட்சியமாகச் சொல்வார்கள், ஆனால் மனசிலிருந்து வருவதும் கடைசியில் இதே தசையில்தான் வந்து முடிகிறது, அதுவும் உண்மையான பிரச்சினைதான்.

மாத்திரை எங்கே நுழைகிறது

சைக்ளிக் ஜிஎம்பியை உடைத்துப்போட உடம்பே ஒரு நொதியை வைத்திருக்கிறது. அதன் பெயர் பிடிஇ5. அது இல்லையென்றால் வந்த விறைப்பு எளிதில் இறங்காது. இதை ஒரு தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாய், அதுதான் நைட்ரிக் ஆக்சைடு. தொட்டியில் நிற்கும் தண்ணீர் சைக்ளிக் ஜிஎம்பி. அடியில் உள்ள ஓட்டை பிடிஇ5. சில்டனாஃபில், டடலாஃபில், வார்டனாஃபில், அவனாஃபில் எல்லாமே அந்த ஓட்டையை அடைக்கும் மாத்திரைகள். குழாயைத் திறப்பது அவற்றின் வேலை இல்லை. அதனால்தான் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடக்காது, பாலுணர்வுத் தூண்டல் இருந்தால்தான் பலன் தெரியும். மாத்திரை ஆசையை உண்டாக்காது.

சில்டனாஃபில் முதலில் இதய நெஞ்சுவலிக்காகத்தான் உருவாக்கப்பட்டது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் சாண்ட்விச் என்ற ஊரில் ஃபைசர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்த மருந்து. நெஞ்சுவலிக்குப் பெரிதாகப் பயன்படவில்லை, ஆனால் சோதனையில் கலந்துகொண்ட ஆண்கள் விறைப்பு வருவதாகச் சொன்னார்கள். 1998 மார்ச் 27 அன்று அமெரிக்காவில் வயாக்ரா என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. டடலாஃபில் அங்கே 2003இல் வந்தது. சில்டனாஃபில் உடம்பில் பாதியாகக் குறைய சுமார் 4 மணி நேரம், டடலாஃபிலுக்கு 17.5 மணி நேரம், அதனால்தான் ஒன்று சில மணி நேரமும் இன்னொன்று ஒரு நாளுக்கு மேலும் தாக்குப்பிடிக்கின்றன. கொழுப்பான சாப்பாட்டுக்குப் பின் சில்டனாஃபில் போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். ‘எனக்கு மாத்திரை வேலை செய்யவில்லை’ என்பவர்களில் நிறையப் பேர் உண்மையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட்டவர்கள், அல்லது ஒரு தடவை முயன்று விட்டுவிட்டவர்கள்.

இங்கே ஒரு ஆபத்தைச் சொல்லாமல் போக முடியாது. நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் போன்ற நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது. மேலே சொன்ன தொட்டியை வைத்தே காரணம் புரியும். நைட்ரேட் குழாயை முழுதாகத் திறந்துவிடுகிறது, மாத்திரை ஓட்டையை அடைக்கிறது, உடம்பு முழுவதும் உள்ள ரத்தநாளங்கள் ஒரேயடியாக விரிந்து ரத்த அழுத்தம் சரிந்துவிடும். உயிர் போகலாம். சில்டனாஃபில் போட்டிருந்தால் 24 மணி நேரத்துக்குள்ளும், டடலாஃபில் போட்டிருந்தால் 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு. எனவே நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், வெட்கப்படாமல் முதலில் இதைச் சொல்லுங்கள். ‘மூலிகை’ என்று விற்கப்படும் ஆண்மை மருந்துகள் பலவற்றில் சில்டனாஃபிலை ரகசியமாகக் கலந்திருப்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இதய நோயாளி ஒருவர் ‘இது வெறும் மூலிகைதானே’ என்று அதை எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

குழாயே வற்றிப்போனால்?

மாத்திரைகள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் போதுமான பலன் தருவதில்லை. சர்க்கரை நோயாளிகள், புராஸ்டேட் அறுவை செய்துகொண்டவர்கள் இதில் அதிகம். அறுவையின்போது நரம்பு அறுபட்டாலோ அடிபட்டாலோ ஆரம்ப வாயு வராது. அமெரிக்க அறுவை மருத்துவர் பேட்ரிக் வால்ஷ் 1982இல் அந்த நரம்புகளைக் காப்பாற்றும் அறுவை முறையைக் கொண்டுவந்த பின் நிலைமை நிறைய மேம்பட்டது, ஆனால் இழுபட்டு நசுங்கிய நரம்பு மீள மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஆகிறது. சர்க்கரை நோயில் நரம்பும் உள்தோலும் சேர்ந்தே கெடுகின்றன. புகை, உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சர்க்கரை எல்லாம் சூப்பராக்சைடு என்ற வெறிபிடித்த மூலக்கூறைப் பெருக்குகின்றன. அது நைட்ரிக் ஆக்சைடை வழியிலேயே பிடித்து பெராக்சிநைட்ரைட் என்ற நச்சாக மாற்றிவிடும். வாயு தயாராகிறது, ஆனால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போவதில்லை. குழாயில் சொட்டே இல்லாதபோது ஓட்டையை அடைத்து என்ன பயன்?

உள்தோல் கெடுவது ஆண்குறியில் மட்டும் நடக்கும் விஷயம் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆண்குறித் தமனியின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர், இதயத் தமனி 3 முதல் 4 மில்லிமீட்டர். ஒரே நோய் இரண்டையும் தாக்கும்போது குறுகலானதில்தான் முதலில் தெரியும். பல ஆண்களிடம் இதய நோயின் அறிகுறி வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே விறைப்புக் கோளாறு தலைகாட்டுகிறது. வெட்கத்தால் அதை மறைத்துவைப்பவர், தன் இதயம் அனுப்பிய முன்னெச்சரிக்கையையும் சேர்த்தே மறைக்கிறார்.

சோதனை நிலையில் உள்ள சிகிச்சைகளைப் பற்றி வரும் செய்திகளைப் படிக்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைத் தொடுகிறது?

நைட்ரிக் ஆக்சைடு வராவிட்டாலும் குவனைலேட் சைக்ளேஸை நேரடியாகத் தட்டி எழுப்பும் மருந்துகள் ஒரு வகை. யோசனையாகப் பார்த்தால் இதுதான் எல்லாவற்றிலும் நேர்த்தியானது. ரியோசிகுவாட் என்ற மருந்து நுரையீரல் ரத்த அழுத்த நோய்க்கு 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் பயன்பாட்டில் இருக்கிறது. விறைப்புக்கு இந்த வகை மருந்துகள் விலங்குகளில் நன்றாக வேலை செய்தன. சிக்கல் என்னவென்றால், இவை உடம்பு முழுக்கப் போகும், ரத்த அழுத்தம் எங்கும் இறங்கும், பிடிஇ5 மாத்திரையோடு சேர்க்கவே கூடாது என்று ரியோசிகுவாட்டின் விவரக்குறிப்பே எச்சரிக்கிறது.

அப்படியென்றால் உடம்பு முழுக்கப் போகாமல் அந்த இடத்தில் மட்டும் வாயுவைக் கொடுத்தால்? நைட்ரோகிளிசரின் கலந்த களிம்பு இந்த எண்ணத்தில் பிறந்தது. அதன் பெரிய சோதனையின் முடிவு 2019இல் வந்தது, அது நான் படித்த மருத்துவச் சோதனைகளிலேயே மறக்க முடியாத ஒன்று. நைட்ரோகிளிசரின் களிம்பு பூசியவர்களுக்கு முன்னேற்றம் இருந்தது. மருந்தே இல்லாத வெறும் களிம்பு பூசியவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு முன்னேற்றம்! களிம்பை உருவாக்கிய நிறுவனம் நைட்ரோகிளிசரினை விட்டுவிட்டு, வெறும் களிம்பையே எடுத்துக்கொண்டது. பூசியதும் குளிர்ந்து பின் வெதுவெதுப்பாகி நரம்பு நுனிகளைத் தூண்டுகிறது என்பது அவர்களின் விளக்கம். எராக்சான் என்ற பெயரில் 2023இல் அமெரிக்காவில் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்க அனுமதி வாங்கினார்கள். இதை எப்படி எடுத்துக்கொள்வது? எதிர்பார்ப்பும் தொடுதலும் கூட இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியைத் தூண்டும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கூடவே, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத குழு இல்லாத எந்த ஆய்வையும் நம்பக் கூடாது என்பதற்கும் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியில் நைட்ரிக் ஆக்சைடை மெதுவாக வெளிவிடும் நானோ துகள்களை எலிகளின் தோலில் பூசி விறைப்பை வரவழைத்துக் காட்டினார்கள். எலியோடு நிற்கிறது.

பிரேசிலில் ஒரு சிலந்தி இருக்கிறது. ஃபோனியூட்ரியா நைக்ரிவென்டர் என்பது அதன் அறிவியல் பெயர். அது கடித்தால் ஆண்களுக்கு வலியோடு கூடிய, இறங்காத விறைப்பு வரும். நஞ்சில் உள்ள ஒரு புரதம் நரம்பின் சோடியம் வாயில்கள் மூடுவதைத் தாமதப்படுத்துகிறது, நரம்பு விடாமல் சுட்டுக்கொண்டே இருக்க, நைட்ரிக் ஆக்சைடு வந்துகொண்டே இருக்கிறது. அந்தப் புரதத்தின் நச்சுத்தன்மையை நீக்கி, வெறும் 19 அமினோ அமிலம் கொண்ட ஒரு சிறு துண்டை மட்டும் செய்து, தோலில் பூசும் மருந்தாக மனிதர்களிடம் சோதித்து வருகிறார்கள். இது குழாயைத் திறக்கும் மருந்து, ஓட்டையை அடைப்பது அல்ல, எனவே பிடிஇ5 மாத்திரை கைகொடுக்காதவர்களுக்கு உதவக்கூடும் என்பதுதான் இதன் மீதான நம்பிக்கை. எனக்கும் இதன் மேல் கொஞ்சம் நம்பிக்கை உண்டு.

மரபணுச் சிகிச்சையில், சங்கிலியின் கடைசிப் பகுதியைக் குறிவைத்த முயற்சி ஒன்று மனிதர்கள் வரை வந்தது. தசைச் செல்லில் பொட்டாசியம் வெளியேறும் வாயில் ஒன்றின் மரபணுவை நேராக ஆண்குறிக்குள் ஊசியில் செலுத்தினார்கள். அந்த வாயில்கள் கூடினால் செல்லுக்குள் கால்சியம் நுழைவது குறையும், தசை எளிதாகத் தளரும். 2006இல் வெளியான அந்த முதல் சோதனையில் 11 ஆண்கள், பாதுகாப்பைப் பார்ப்பதே நோக்கம். தீங்கு எதுவும் தெரியவில்லை, அதிக அளவு பெற்ற ஓரிருவருக்குப் பலனும் தெரிந்தது. ஆனால் 11 பேரை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது.

சுவிட்சர்லாந்தில் 2015இல் செய்த ஒன்று விசித்திரமாக இருக்கும். நீல ஒளி பட்டால் சைக்ளிக் ஜிஎம்பியைத் தயாரிக்கும் நொதியின் மரபணுவை எலியின் ஆண்குறிக்குள் செலுத்தி, விளக்கை ஏற்றினார்கள். விறைப்பு வந்தது, நரம்புத் தூண்டல் எதுவும் இல்லாமலேயே. சிகிச்சையாக வர வெகுகாலம் ஆகும், வராமலும் போகலாம், ஆனால் சைக்ளிக் ஜிஎம்பி இருந்தால் போதும் என்பதை இவ்வளவு பளிச்சென்று வேறு எதுவும் காட்டவில்லை.

இப்போது கிளினிக்குகளில் காசுக்குக் கிடைப்பவற்றுக்கு வருவோம். மென்மையான ஒலி அதிர்வலைச் சிகிச்சை, ஸ்டெம் செல், நம் ரத்தத்திலிருந்தே எடுக்கும், தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவான பிஆர்பி ஊசி. அதிர்வலையை இஸ்ரேலின் யோரம் வார்டி குழு 2010இல் 20 ஆண்களிடம் முயன்று பார்த்தது, சேதமான இடத்தில் புது ரத்தநாளங்கள் முளைக்கும் என்பது அடிப்படை. லேசான ரத்தநாளக் கோளாறு உள்ளவர்களுக்குச் சில ஆய்வுகளில் பலன் தெரிகிறது, சிலவற்றில் இல்லை. பிஆர்பியை உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டு 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அமெரிக்க யூரோலஜி சங்கத்தின் 2018 வழிகாட்டி அதிர்வலை, ஸ்டெம் செல், பிஆர்பி மூன்றையும் இன்னும் ஆராய்ச்சி நிலையில் உள்ளவையாகவே வைத்தது. ஆராய்ச்சி என்றால் முறையான சோதனைக்குள் வைத்துச் செய்ய வேண்டும். உங்களிடம் முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு ‘நவீன சிகிச்சை’ என்று சொல்பவரிடம், எந்தப் பதிவு பெற்ற சோதனையின் பகுதியாக இதைச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அர்ஜினைன் மாத்திரை பற்றிக் கேட்பார்கள். வாயு தயாரிக்க அதுதானே மூலப்பொருள், நிறையச் சாப்பிட்டால் என்ன? வாயால் எடுக்கும் அர்ஜினைனில் பெரும் பகுதியைக் குடலும் கல்லீரலும் உடைத்துவிடுகின்றன. சிட்ருலின் அதைவிடக் கொஞ்சம் தேவலை, உடம்புக்குள் போய் அர்ஜினைனாக மாறும். லேசான கோளாறுக்கு ஓரளவு உதவலாம், மாத்திரைக்கு ஈடாகாது.

மருத்துவரிடம் போனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, காலை நேர டெஸ்டோஸ்டிரோன் இவற்றைப் பார்க்கச் சொல்வார். நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் கொண்டு போங்கள், ஏனெனில் சில ரத்த அழுத்த மருந்துகளும் மனச்சோர்வு மருந்துகளும் கூட விறைப்பைக் கெடுக்கும், அவற்றை மாற்றித் தர முடியும், ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. காலையில் விறைப்பு வருகிறதா, கோளாறு மெல்ல மெல்ல வந்ததா திடீரென்று வந்ததா என்று கேட்பார், யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை பலிக்காவிட்டாலும் அத்தோடு வழி அடைபட்டுவிடவில்லை. நைட்ரிக் ஆக்சைடு பாதையையே சுற்றிக்கொண்டு வேறு வழியாகத் தசையைத் தளர்த்தும் ஆல்ப்ரோஸ்டடில் ஊசி 1995 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் பயன்பாட்டில் இருக்கிறது, நரம்பு கெட்டவர்களுக்கும் அது வேலை செய்கிறது. வெற்றிடக் கருவி உண்டு, உள்ளே பொருத்தும் செயற்கை உறுப்பும் உண்டு. எந்த மருந்து எடுத்தாலும் விறைப்பு 4 மணி நேரம் தாண்டியும் இறங்காவிட்டால், நள்ளிரவு என்றாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ஆக்சிஜன் தீர்ந்துபோன பழைய ரத்தம் உள்ளேயே தேங்கி நிற்கிறது, நேரம் ஆக ஆகத் திசு நிரந்தரமாகச் சேதமாகும்.